உதவிப் பணமும் அதைக் கொடுக்கும் கம்பனியும்: தென்னாபிரிக்காவின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

அஸ்வெசும பணம் இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. 2025 பெப்ரவரியில் 'கவ்பே' தொடங்கிய பிறகு அரசாங்க அலுவலகங்களுக்குக் கட்டவேண்டிய பணத்தையும், போக்குவரத்துத் தண்டப்பணத்தையும் தொலைபேசியிலேயே கட்டும் வழி படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. வரிசையில் நிற்கும் நேரம் குறைகிறது, பஸ் காசு மிச்சமாகிறது. இதில் நாம் எல்லோரும் சந்தோஷப்படலாம்.

ஆனால் இப்படியான ஒவ்வொரு வசதிக்கும் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. காசை அரசாங்கம் கொடுக்கிறது, நாம் எடுக்கிறோம். நடுவில் இருக்கும் இயந்திரம், அட்டை, கணினி, பெயர்ப்பட்டியல் ஆகியவை யாருடையவை? உலகெங்கும் அரசாங்கங்களுக்குக் கொடுப்பனவுத் தொழில்நுட்பம் விற்பதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகள் இருக்கின்றன. அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது, எங்கே பிழைக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் அறிந்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் தென்னாபிரிக்கா. அந்த வரலாற்றை இன்று வரிசையாகப் பார்ப்போம்.

◾ லொறியில் வந்த ஓய்வூதியம்

தென்னாபிரிக்காவில் முதியோருக்கு அரசாங்கம் மாதாந்த உதவிப் பணம் கொடுப்பது புதிய விடயமல்ல. 1928லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே. கறுப்பின மக்களுக்கும், இந்திய வம்சாவளியினருக்கும் 1944ல்தான் அது விரிவாக்கப்பட்டது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதில் அடங்குவர். தொகையும் சமமாக இருக்கவில்லை. வெள்ளையருக்கு அதிகம், மற்றவர்களுக்குக் குறைவு, கறுப்பினத்தவருக்கு எல்லோரையும் விடக் குறைவு. எல்லா இனத்தவருக்கும் ஒரே தொகை என்ற நிலை 1993ல்தான் வந்தது.

தொகையைப் போலவே கொடுக்கும் முறையிலும் பாகுபாடு இருந்தது. வெள்ளையர் பணத்தை வங்கியிலோ தபால் கந்தோரிலோ எடுத்துக்கொண்டார்கள். கறுப்பின மக்களுக்கு, அதுவும் 'தாயகம்' என்ற பெயரில் ஒதுக்கப்பட்ட வறண்ட பிரதேசங்களில் இருந்தவர்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கையில் காசாகவே கொடுக்கப்பட்டது. ஒரு திறந்தவெளி, ஒரு பாடசாலை மைதானம் அல்லது ஒரு கடை வாசல்தான் கொடுக்கும் இடம். முதியவர்கள் விடியுமுன் வந்து வெயிலில் காத்திருப்பார்கள். காசு போதவில்லை என்று அடுத்த நாள் வரச் சொல்வதும் உண்டு. இறந்தவர்களின் பெயரில் பணம் எடுக்கப்படுவதும், நடுவில் இருப்பவர்கள் கைவைப்பதும் நடந்தன.

இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் நுழைகிறது. 1990களின் தொடக்கத்தில் குவாசூலு பிரதேசத்தில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. காசு கொடுக்கும் இயந்திரத்தை லொறியில் ஏற்றி, ஆயுதம் தாங்கிய காவலாளிகளுடன் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். முதியவர் விரலை வைத்தால் இயந்திரம் ஆளை அடையாளம் கண்டு காசைக் கொடுக்கும். எழுத வாசிக்கத் தெரியவேண்டியதில்லை, இரகசிய இலக்கத்தை ஞாபகம் வைக்கவேண்டியதில்லை. இறந்தவர் விரல் வைக்க முடியாது என்பதால் அந்த மோசடியும் குறைந்தது. இதை நடத்திய கம்பனியின் பெயர் 'கேஷ் பேமாஸ்டர் சேர்விஸஸ்', சுருக்கமாக சீ.பீ.எஸ். தொடக்கத்தில் அது அந்நாட்டின் பெரிய வங்கியொன்றுக்குச் சொந்தமாக இருந்தது.

◾ நெட் வன் வருகிறது

பிரான்ஸில் பிறந்து தென்னாபிரிக்காவில் குடியேறியவர் சேர்ஜ் பெலமான்ட். வங்கிக் கணினித் துறையில் அனுபவம் உள்ளவர். 1989ல் 'நெட் வன்' என்ற கம்பனியைத் தொடங்கினார். தென்னாபிரிக்கக் கிராமங்களின் நிலையை அவர் நன்றாக விளங்கியிருந்தார். அங்கே தொலைபேசி இணைப்பும் இல்லை, வங்கிக் கிளையும் இல்லை. சாதாரண வங்கி அட்டை வேலை செய்யவேண்டுமானால் அந்த நேரத்தில் வங்கியின் கணினியோடு தொடர்பு இருக்கவேண்டும். தொடர்பே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

அவரது பதில், காசின் கணக்கை அட்டையில் உள்ள சிறு சில்லுக்குள்ளேயே வைப்பது. வாங்குபவரின் அட்டையையும் கடைக்காரரின் அட்டையையும் ஒரே கருவியில் போட்டால், ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கணக்கு மாறும். வங்கியோடு அந்த நிமிடமே பேசவேண்டியதில்லை. பிறகு கடைக்காரர் இணைப்புள்ள இடத்துக்கு வரும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். விரல் அடையாளமும் அட்டையிலேயே இருக்கும். அந்தக் காலத்துக்கு இது உண்மையிலேயே திறமையான வேலை. இதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது. அட்டை வேலை செய்யவில்லை என்பது இந்தக் கதையில் பிரச்சினையே அல்ல.

1999ல் நெட் வன், சீ.பீ.எஸ். கம்பனியை வாங்கியது. தொழில்நுட்பமும், மாகாண அரசாங்கங்களோடு இருந்த ஒப்பந்தங்களும் ஒரே கைக்கு வந்தன. 2005ல் நெட் வன் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. தென்னாபிரிக்கக் கிராமத்து மூதாட்டிக்குக் காசு கொடுக்கும் வேலையின் இலாபத்தில் இப்போது உலகெங்கும் உள்ள முதலீட்டாளர்களுக்கும் பங்கு இருந்தது.

◾ ஒரே வாடிக்கையாளர், ஒரே ஒப்பந்தம்

அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகக் கம்பனிகளைப் பிடித்து வேலை வாங்கியது. சில மாகாணங்களில் சீ.பீ.எஸ்., வேறு சிலவற்றில் ஆல்பே, இன்னொன்றில் வேறொரு கம்பனி. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலை. இதை ஒழுங்குபடுத்த 2004ல் சட்டம் இயற்றி, தென்னாபிரிக்க சமூகப் பாதுகாப்பு முகவரகத்தை அமைத்தார்கள். அங்கே எல்லோரும் அதை 'சாஸா' என்றுதான் சொல்வார்கள். முதியோர், அங்கவீனர், சிறுவர் என எல்லா உதவிப் பணமும் அதன் பொறுப்பு.

2011ல் சாஸா நாடு முழுவதற்கும் டெண்டர் கோரியது. ஐந்து வருட ஒப்பந்தம், ஒன்பது மாகாணங்கள். முன்பு பல வாடிக்கையாளர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒருவர்தான். வெல்பவர் எல்லாவற்றையும் எடுப்பார், தோற்பவர் வெளியே போவார்.

2011 ஜூன் மாதம், விண்ணப்பங்கள் மூடப்படுவதற்கு முன்னர், சாஸா ஒரு திருத்த அறிவித்தலை வெளியிட்டது. பணம் பெறுபவரை விரல் அடையாளம் போன்ற உடல் அடையாளத்தால் உறுதிப்படுத்தும் முறை முதலில் 'விரும்பத்தக்கது' என்றிருந்தது. புதிய அறிவித்தலின்படி, ஒவ்வொரு கொடுப்பனவின்போதும் அது கட்டாயம். பார்ப்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் கடையிலோ ஏ.டி.எம். இயந்திரத்திலோ காசு எடுக்கும்போதும் இந்த உறுதிப்படுத்தல் வேண்டுமென்றால் அதற்கு ஆயத்தமாக இருந்தது சீ.பீ.எஸ். மட்டும்தான். தொலைபேசியில் குரலை வைத்து ஆளை உறுதிப்படுத்தும் முறையை அது முன்வைத்தது. தொழில்நுட்பப் பகுதியில் 70 புள்ளி எடுத்தால்தான் அடுத்த கட்டம். ஆல்பே அதற்குக் கீழே விழுந்தது. சீ.பீ.எஸ். 80ஐத் தாண்டியது.

அடுத்த கட்டம்தான் விலையை ஒப்பிடும் கட்டம். அங்கே வந்து சேர்ந்தது ஒரே ஒரு கம்பனி. ஒருவரே ஓடும் ஓட்டப் போட்டியில் நேரத்தைக் குறித்து என்ன பயன்?

2012 பெப்ரவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரல் முதலாம் திகதி வேலை தொடங்கியது. விலை, ஆளொன்றுக்கு மாதம் 16 ரான்ட் 44 சதம். எங்கள் வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பார்ப்போம். பணம் பெறுபவர்கள் ஒரு கோடிப் பேர் என்று வைத்தால் மாதம் 16 கோடி 44 இலட்சம் ரான்ட். ஐந்து வருடம் என்றால் அறுபது மாதம். ஏறத்தாழ 986 கோடி ரான்ட். 'பத்து பில்லியன் ரான்ட் ஒப்பந்தம்' என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். ஆனாலும் ஆளொன்றுக்கான கட்டணம் மாகாணங்கள் முன்பு கொடுத்ததைவிடக் குறைவு. அரசாங்கம் அதை வெற்றியாகச் சொன்னது. அதுவும் பொய்யல்ல.

◾ மலிந்த விலைக்குள் இருந்தது

புதிய ஒப்பந்தத்தின் கீழ் மக்கள் எல்லோரும் மறுபடி பதியப்பட்டார்கள். பத்து விரல்களின் அடையாளம், குரல், படம் எல்லாம் எடுக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் கிரின்ட்ரொட் என்ற வங்கியில் கணக்குத் திறந்து, மாஸ்டர்கார்ட் முத்திரையுள்ள அட்டை கொடுக்கப்பட்டது. இனி லொறி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரிய பல்பொருள் கடைகளிலும் எந்த வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்திலும் எடுக்கலாம். முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் கடையிலும் ஏ.டி.எம்.மிலும் இரகசிய இலக்கம் அடித்தாலே போதுமாக இருந்தது. எந்த நிபந்தனை போட்டியைத் தீர்த்ததோ, ஒவ்வொரு கொடுப்பனவிலும் உடல் அடையாளம் என்ற அந்த நிபந்தனை, நடைமுறையில் கடைப்பிடிக்கப்படவில்லை.

வேறொரு விடயமும் நடந்தது. நெட் வன் கம்பனிக்குப் பணம் கொடுக்கும் வேலை மட்டும் அல்ல, கூடவே வேறு சகோதரக் கம்பனிகளும் இருந்தன. ஒன்று கடன் கொடுக்கும். ஒன்று காப்புறுதி விற்கும். ஒன்று தொலைபேசி ரீலோடும் முற்பண மின்சாரமும் விற்கும். யாருக்கு எந்தத் திகதியில் எவ்வளவு பணம் வரும் என்பது குழுமத்துக்குத் தெரியும். கடன் கொடுத்தவர் வீடு வீடாகப் போய் வசூலிக்கவேண்டியதில்லை. பணம் கணக்கில் விழுந்ததுமே தவணையைக் கழித்துக்கொள்ளலாம். கடன்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பான வாடிக்கையாளர் கிடைப்பாரா?

மாத முடிவில் காசு எடுக்கப்போன முதியவர்கள் தொகை குறைந்திருப்பதைக் கண்டார்கள். 'ரீலோட்' என்று ஒரு கழிவு, 'மின்சாரம்' என்று இன்னொன்று. தொலைபேசியே இல்லாதவரின் கணக்கிலும் ரீலோட் கழிந்ததாக முறைப்பாடுகள் வந்தன. மரணக் காப்புறுதிக்காக ஒரு கழிவைச் சட்டம் ஏற்கெனவே அனுமதித்திருந்தது. உதவிப் பணத்தில் பத்து வீதத்துக்கு மேற்படாமல், ஒரே ஒரு காப்புறுதிக்கு மட்டும். நம் ஊர்களில் ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டுவதுபோல, அங்குள்ள ஏழைகளும் இறுதிக்கிரியைச் செலவுக்காகச் சேமிப்பார்கள். அந்தக் கதவு ஏழைகளின் தேவைக்காகத் திறக்கப்பட்டது. வங்கிக் கணக்கு வந்த பிறகு அதன் பக்கத்திலேயே இன்னும் பல கதவுகள் திறந்துகொண்டன.

இதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது 'பிளாக் சாஷ்' என்ற மனித உரிமை அமைப்பு. கலப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதற்கு எதிராக 1955ல் வெள்ளையினப் பெண்கள் தொடங்கிய அமைப்பு அது. தோளில் கறுப்புப் பட்டி அணிந்து அமைதியாக நின்றதால் அந்தப் பெயர். பிற்காலத்தில் அது ஏழைகளின் சமூகப் பாதுகாப்புக்காக உழைத்தது. 'எங்கள் உதவிப் பணத்தில் கைவைக்காதே' என்ற இயக்கத்தை நடத்தி, முதியவர்களின் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தது.

கம்பனி தன் பக்க நியாயத்தைச் சொன்னது. வாடிக்கையாளர் சம்மதித்துத்தான் கழிக்கிறோம், ஏழைகளுக்கும் எல்லோரையும் போல வங்கிச் சேவை பெற உரிமை உண்டு, கணக்கில் விழுந்த பணம் அவருடைய சொந்தப் பணம், அதை எப்படிச் செலவழிப்பது என்பதை அரசாங்கம் சொல்ல முடியாது என்றது. 2016ல் கழிவுகளைத் தடுக்க அரசாங்கம் புதிய விதிகளைக் கொண்டுவந்தபோது கம்பனி வழக்குப் போட்டது. 2017ல் மேல் நீதிமன்றம் கம்பனியின் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஏழை என்பதற்காக ஒருவரைச் சிறுபிள்ளைபோல் நடத்தக்கூடாது. ஆனால் சம்மதம் என்பது எப்போது சம்மதம்? உங்கள் சம்பளத்தைக் கொடுப்பவரும், கடன் கொடுப்பவரும், காப்புறுதி விற்பவரும் ஒரே குடும்பம் என்றால், அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையெழுத்து வைப்பவருக்கு எந்த மேசை அரசாங்கத்துடையது, எது கடைக்காரருடையது என்று தெரியவேண்டாமா?

◾ நீதிமன்றத்தில் ஐந்து வருடம்

டெண்டரில் தோற்ற ஆல்பே நீதிமன்றம் போயிருந்தது. 2012ல் மேல் நீதிமன்றம், டெண்டர் சட்டப்படி செல்லாது, ஆனால் மக்களுக்குப் பணம் நின்றுவிடும் என்பதால் ஒப்பந்தத்தைக் கலைக்கவில்லை என்றது. 2013 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், டெண்டர் சரியானதே என்றது. 2013 நவம்பர் 29ல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான அரசியலமைப்பு நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: செல்லாது. கறுப்பினப் பங்காளிகள் பற்றிக் கம்பனி சொன்னதை சாஸா சரியாக ஆராயவில்லை. அந்தத் திருத்த அறிவித்தலும் தெளிவற்றது.

செல்லாத ஒப்பந்தத்தை அன்றே நிறுத்தினால் அடுத்த மாதம் கோடிப் பேருக்குக் காசு இல்லை. அதனால் 2014 ஏப்ரலில் நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. புதிதாக டெண்டர் கோருங்கள், அதுவரை பழைய கம்பனியே கொடுக்கட்டும். கூடவே ஒரு முக்கியமான கருத்தையும் பதிவு செய்தது. மக்களின் அரசியலமைப்பு உரிமையை நிறைவேற்றும் வேலையை ஏற்ற கம்பனி, அந்த வேலையைப் பொறுத்தவரை அரசின் ஓர் அங்கம் போன்றது. வசதிப்பட்டபோது கையை உதறிவிட்டுப் போக அதற்கு முடியாது. செல்லாத ஒப்பந்தத்திலிருந்து இலாபம் எடுக்கும் உரிமையும் அதற்கு இல்லை.

சாஸா மறுபடி டெண்டர் கோரியது. யாருக்கும் கொடுக்கவில்லை. 2015 நவம்பரில் நீதிமன்றத்துக்கு அறிவித்தது: 2017 மார்ச் 31ல் ஒப்பந்தம் முடியும்போது கொடுப்பனவு வேலையை நாங்களே பொறுப்பேற்போம்.

◾ 2017 மார்ச்

ஒன்றரை வருடத்துக்குக் கிட்டிய கால அவகாசம் இருந்தது. அது கழிந்தது. 2017 பிறந்தபோது சாஸாவின் கையில் ஆயத்தமான முறை ஒன்றும் இல்லை. ஏப்ரல் மாதப் பணத்தை யார் கொடுப்பது? மாதம் ஒரு கோடி எழுபது இலட்சம் அளவிலான உதவிப் பணங்கள். முதியவருக்கு 1,600 ரான்ட், பிள்ளையொன்றுக்கு 380 ரான்ட். பல வீடுகளில் அடுப்பு எரிவதே அந்தக் காசில்தான். பாட்டியின் ஓய்வூதியத்தில் வேலையில்லாத மகனும் பேரப்பிள்ளைகளும் சாப்பிடும் நாடு அது.

அரசாங்கத்துக்கு இருந்த ஒரே வழி, செல்லாதென்று நீதிமன்றம் சொன்ன ஒப்பந்தத்தின் அதே கம்பனியிடமே மறுபடி போவது. அட்டை அவர்களுடையது, இயந்திரம் அவர்களுடையது, நடைமுறை முழுவதும் அவர்கள் கையில். பேரம் பேசும் மேசையில் ஒரு பக்கம் 'இந்த மாதமே வேண்டும்' என்ற அரசாங்கம், மறுபக்கம் அவசரமே இல்லாத கம்பனி.

பிளாக் சாஷ் நீதிமன்றம் போனது. 2017 மார்ச் 17ல், ஒப்பந்தம் முடிய இரண்டு கிழமை இருக்கையில், தீர்ப்பு வந்தது. சீ.பீ.எஸ். இன்னும் பன்னிரண்டு மாதம் அதே நிபந்தனைகளில் பணம் கொடுக்கவேண்டும். மக்களின் தனிப்பட்ட தகவல்களை உதவிப் பணம் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது. வேறு வியாபாரங்களுக்குச் சம்மதம் தரும்படி அவர்களை அழைக்கவும் கூடாது. கணக்காய்வாளர் நாயகமும் சுயாதீன நிபுணர்களும் மேற்பார்வை செய்யவேண்டும். பொறுப்பான அமைச்சர் பதாபிலே டிலமினி, வழக்குச் செலவை ஏன் தன் சொந்தப் பணத்தில் கட்டக்கூடாது என்று விளக்கவேண்டும்.

ஏப்ரல் மாதப் பணம் மக்களுக்குக் கிடைத்தது. ஒரு நாட்டின் அதியுயர் நீதிபதிகள் உட்கார்ந்து, அடுத்த மாதக் கொடுப்பனவுக்கு யார் இயந்திரம் இயக்குவது என்று தீர்மானிக்கவேண்டி வந்ததை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

◾ அதற்குப் பிறகு

2018ல் வேலை அரச தபால் நிறுவனத்துக்கும் அதன் தபால் வங்கிக்கும் மாற்றப்பட்டது. புதிய அட்டைகள் வந்தன. 2018 செப்டெம்பரில் வழக்குச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை டிலமினி தன் கையிலிருந்து கட்டவேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. விசாரணையில் பொய்ச் சாட்சியம் சொன்ன குற்றத்துக்காக 2022ல் அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. மறுபதிவு வேலைக்கென்று சாஸா மேலதிகமாகக் கொடுத்த 31 கோடி 60 இலட்சம் ரான்டைத் திருப்பிக் கட்டும்படி சீ.பீ.எஸ். கம்பனிக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020ல் சீ.பீ.எஸ். கலைப்புக்குப் போனது. தாய்க் கம்பனியான நெட் வன் 2022ல் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் தொழில் செய்கிறது.

'தனியாரிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது, எல்லாம் சரி' என்று இங்கே முடிக்கலாம். ஆனால் உண்மை அப்படி இல்லை. தபால் வங்கியின் கணினிகளைத் திறக்கும் பிரதான இரகசியத் திறவுகோல் உள்ளிருந்தவர்களாலேயே களவாடப்பட்டது 2020ல் வெளியே வந்தது. ஒரு கோடி இருபது இலட்சம் அளவிலான அட்டைகளை மாற்றவேண்டிய நிலை. 2023 செப்டெம்பரில் கணினிக் கோளாறால் இலட்சக்கணக்கானோருக்குக் குறித்த நாளில் பணம் போய்ச்சேரவில்லை. அரசாங்கம் நடத்தினாலும் திறமையும் பொறுப்பும் இல்லாவிட்டால் முதியவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்.

ஆக, பாடம் 'தனியார் கெட்டது, அரசாங்கம் நல்லது' என்பதல்ல. தொழில்நுட்பம் வேண்டாம் என்பதும் அல்ல. வெயிலில் இரண்டு நாள் காத்திருந்த காலத்துக்குத் திரும்ப யாரும் விரும்பவில்லை. எங்கள் பார்வையில் பாடம் ஒன்றுதான். கொடுப்பனவு முறையை வாங்கும் அரசாங்கம், தேவைப்படும்போது அந்த விற்பனையாளரை விட்டு விலகும் வழியையும் அன்றே வாங்கியிருக்கவேண்டும். தென்னாபிரிக்கா குறைந்த விலையைப் பார்த்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு எப்படி வெளியே வருவது என்று பார்க்கவில்லை. விலகும் வழி இல்லாதபோது சட்டம் 'செல்லாது' என்று சொன்னாலும், நிறுத்த முடியாமல் போனது.

◾ நமக்கு

நம் நாட்டின் அமைப்பு வேறு. கவ்பே ஓடும் லங்காபே வலையமைப்பு ஒரு தனியார் விற்பனையாளருடையதல்ல. மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் சேர்ந்து உரிமை கொண்ட நிறுவனம் அது. 2002ல் காசோலைத் தீர்வு வேலைக்காக 'லங்கா கிளியர்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அஸ்வெசும பணமும் ஒரே கம்பனியின் அட்டைக்குள் அல்ல, வங்கிக் கணக்குகளுக்கே போகிறது. இவை நல்ல அடித்தளங்கள். ஆனால் அடையாள அட்டை முதல் வரி வரை ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போகும் காலம் இது. இனிவரும் வருடங்களில் எத்தனையோ கம்பனிகள் எத்தனையோ திணைக்களங்களின் கதவைத் தட்டும். பிரதேச சபைகளின் கதவையும் தட்டும். அப்போது ஊர் மக்களாக நாம் கேட்கவேண்டிய கேள்விகளை இப்போதே எழுதி வைப்போம்.

1. எங்கள் பெயர், விரல் அடையாளம், கணக்கு விபரம் யார் கையில் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தால் அவை திரும்பி வருமா?

2. பணம் கொடுக்கும் அல்லது வசூலிக்கும் கம்பனிக்கு அதே ஆட்களிடம் கடனோ காப்புறுதியோ விற்க அனுமதி உண்டா?

3. ஒரு கழிவு பிழையாக நடந்தால் முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு, காசைத் திருப்பித் தரப் பொறுப்பான அதிகாரி யார்?

4. இன்று தொழில்நுட்பம் வேலை செய்யாவிட்டால் நாளை காசு எடுக்க வேறு வழி என்ன?

5. ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அதற்கு எத்தனை மாதம் முன்பு மாற்று ஏற்பாடு தொடங்கும்?

இவை நிபுணர்கள் மட்டும் கேட்கும் கேள்விகள் அல்ல. 2016ல் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒரு அரச நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். உங்கள் வீட்டு முதியவரின் வங்கிப் புத்தகத்தையும் இந்த மாதம் ஒரு தடவை கூட இருந்து பாருங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது, ஏன் என்று அவருக்கு விளங்கும் விதமாகச் சொல்லிக்கொடுங்கள். தென்னாபிரிக்காவில் கழிவுகள் வெளியே வந்ததும் சாதாரண மக்கள் தங்கள் துண்டைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டதால்தான்.

உங்கள் பகுதியில் இந்தப் புதிய கொடுப்பனவு முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கீழே எழுதுங்கள். கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதையும் பகிரங்கமாகப் போடவேண்டாம். பிரயோசனமாக இருந்தால் குடும்பத்தில் மூத்தவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.